நேத்து மத்தியானம் தட்டுல என்ன?

நம்ம வேலைல நோயாளி வந்து உக்காந்ததும் வாய்ல வர்ற மொதக் கேள்வி "சைவமா, அசைவமா?"தான. அந்தக் கேள்விய விட்டுத் தொலைங்க. இன்னிக்கு நான் கெளம்பி வந்ததே இத ஒன்னச் சொல்லத்தான்.

டயட் டிபார்ட்மெண்டுல புதுசா சேந்திருக்கிற பிள்ளைகளுக்கு ரெண்டு வார்த்த பேசுங்க மேடம்னு கூப்பிட்டாக, வாரேன்னுட்டேன். கலோரிக் கணக்கு, புரதக் கணக்கெல்லாம் எங்கிட்ட எதிர்பாக்காதீக. அது உங்க போனுலயே இருக்கு, என்னவிட வேகமாப் போட்டுருவீக. ரிட்டையரானவ வந்து அதையும் பேசுனா உங்களுக்குத் தூக்கம் வரும், அதப் பாத்து எனக்குக் கோவம் வரும். என் கோவம் எப்படின்னு உங்க சீனியருகளக் கேட்டுக்கங்க.

நான் எழுமலைக்காரி. எங்க பக்கம் கறி, கோழி, மீனு எல்லாத்துக்கும் சேத்து ஒரே பேரு, கவுச்சி. முட்டைய அதுல சிலபேரு சேப்பாக, சிலபேரு சேக்கமாட்டாக. கருவாட்டுக்குத் தனிச் சட்டம். பிரஷருக்கு வந்த ஒரு அம்மா "மீனே எனக்கு ஆகாது தாயி"ன்னு சத்தியம் பண்ணுச்சு. கஞ்சிக்குத் தொட்டுக்க என்னன்னு கேட்டா, தெனமும் நெத்திலிக் கருவாடு. "கருவாடும் மீனுதானம்மா"ன்னேன். "அட போ தாயி, அது வேற, இது வேற"ன்னு என்னயப் பாத்துச் சிரிச்சுச்சு. அந்தம்மா பொய் சொல்லல. அந்த வீட்டுல அது அப்படித்தான்.

இது சிரிச்சுட்டுப் போற கத. இன்னொன்னு சொல்றேன், அதுல ஒரு மனுசனோட பொழப்பும் உசுரும் தொங்குச்சு.

அவரு பேரு சவரிமுத்து. வீடு பரவைல. மதுரைக்கு வெளிய ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துல வேன் டிரைவர். அம்பதத் தாண்டுன வயசு, நல்ல ஆகிருதியான ஆளு. மாரடைப்பு வந்து நம்ம ஆஸ்பத்திரில ஸ்டென்ட் வச்சாக. மூனு மாசம் வண்டியத் தொடக்கூடாதுன்னு வீட்டுல உக்கார வச்சுட்டாக. பள்ளிக்கூடத்துல தங்கமானவுக, அதுவரைக்கும் தற்காலிகமா ஒரு ஆளப் போட்டு ஓட்டுனாக. ஆனா அவுகளும் எம்புட்டு நாளைக்குப் பொறுப்பாக? "திங்கக்கெழம டாக்டர் கடுதாசியோட வாங்க. இல்லைன்னா அந்தப் புது ஆளையே நிரந்தரமாக்கிருவோம், எங்க நெலமையையும் பாருங்க"ன்னு சொல்லிட்டாக.

டிரெட்மில் டெஸ்ட் நல்லா வந்துருச்சு. எக்கோவும் நல்லா வந்துருச்சு. கையெழுத்துப் போட வேண்டியது சின்ன டாக்டர். இதய டிபார்ட்மெண்டுல அப்ப ரெண்டு பேரு, வயசானவரப் பெரிய டாக்டர்னும் இவரச் சின்ன டாக்டர்னும் சொல்லுவோம். சின்ன டாக்டரு நல்ல மனுசன். படிப்புன்னா படிப்பு, அப்படி ஒரு படிப்பு. புதுசா எது வந்தாலும் தெரிஞ்சு வச்சிருப்பாரு. அப்படி அவரு புதுசாப் பிடிச்சுக்கிட்டதுதான் டிஎம்ஏஓ டெஸ்ட். முழுப்பேரச் சொன்னா நாக்கு சுளுக்கிக்கும், இந்த நாலெழுத்தோட விடுங்க.

உங்களுக்குத் தெரியும்னாலும் சொல்லிர்றேன். முட்ட மஞ்சக்கரு, ஆட்டுக்கறி, ஈரல் இதெல்லாம் திங்கிறோம்ல, அதுல இருக்கிற சில சத்துகள நம்ம குடல்ல குடியிருக்கிற நுண்ணுயிருக எடுத்து, ஒரு வாயுவா மாத்தும். கெட்டுப்போன மீனுல ஒரு வாடை வருமே, அது இந்த வாயுதான். நம்ம ஈரல் அத வாங்கி, வாடை இல்லாத டிஎம்ஏஓவா மாத்தி ரத்தத்துல விடும். கிட்னி அத ஒன்னுக்குல அனுப்பிவிடும். ரத்தத்துல இது கூட இருக்கிறவுகளுக்கு மாரடைப்பும் கூட வருதுன்னு ஆராய்ச்சிக்காரவுக சொல்றாக. இதுதான் ரத்தக்குழாயக் கெடுக்குதா, இல்ல கெட்டுப்போன ஒடம்புல இதுவும் சேந்து தெரியுதான்னு அவுகளுக்குள்ளயே இன்னும் பேச்சு ஓயல. கறிய நாள்கணக்கா விட்டவுகளுக்கு அந்த நுண்ணுயிருகளும் கொறஞ்சு போகும், இந்த எண்ணும் எறங்கும். அது வரைக்கும் சரி.

சின்ன டாக்டரு சவரிமுத்து அண்ணனுக்கும் ரத்தம் எடுத்து இந்த டெஸ்டுக்கு வெளியூரு லேபுக்கு அனுப்புனாரு. எடுக்குறதுக்கு முந்தி மொறையா, "என்ன சாப்பாடு சாப்பிடுறீங்க?"ன்னு கேட்டிருக்காரு. "சாம்பல் புதன்ல இருந்து முழுக்க சுத்தபோசனம் டாக்டர்"னு அண்ணன் சொல்லியிருக்காரு. அப்பத் தவக்காலம், சாம்பல் புதன்ல தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் நாப்பது நாளு நோன்பு. சின்ன டாக்டருக்கு ஒரே சந்தோசம். சைவம்னு எழுதிக்கிட்டாரு. 

ஒரு வாரம் கழிச்சு ரிசல்ட் வந்துச்சு. எண்ணு எகிறிக் கெடந்துச்சு.

அன்னிக்குச் சனிக்கெழம. ஓபி முடியிற நேரம். சின்ன டாக்டரு கூப்பிடுறாருன்னு போனேன். மொகம் கடுகடுன்னு இருந்துச்சு.

"மேடம், இந்தாளு பொய் சொல்றாரு. ஒரு மாசமா சைவம் சாப்பிடுறவருக்கு இம்புட்டு வரவே வராது. கிட்னி நல்லா இருக்கு, பாத்துட்டேன். வெளிய எங்கயோ கறி சாப்பிடுறாரு."

"சாப்பிட்டா சாப்பிட்டுப் போறாரு டாக்டர். கண்டிச்சு அனுப்புவோம். கடுதாசிய எதுக்கு நிறுத்துறீங்க?"

"சாப்பாட்டுல பொய் சொல்றவரு மாத்திரைலயும் பொய் சொல்வாரு மேடம். ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற மாத்திரைய ஒழுங்காப் போடலைன்னா ஸ்டென்ட் அடைச்சுக்கும். அடைக்கிறப்ப அவரு கையில ஸ்டியரிங் இருக்கும், பின்னாடி பிள்ளைங்க இருக்கும். நான் எத நம்பிக் கையெழுத்துப் போட?"

இத நீங்க லேசா எடுத்துக்கக் கூடாது. அவரு சொன்னதுல ஞாயம் இருந்துச்சு. எனக்கும் அந்த வேனும் பிள்ளைகளும் ஒரு நிமிசம் கண்ணு முன்னாடி வந்துட்டுப் போச்சு. 

"நீங்க பேசி உண்மைய வாங்குங்க. டயட் ஒழுங்கா இருக்கிறாரா இல்லையான்னு உங்க கையால எழுதிக் குடுங்க. அத வச்சு முடிவு பண்றேன்"ன்னாரு. ஆக, அந்த மனுசன் பொழப்பு இப்ப என் பேனா முனைல வந்து நின்னுச்சு. நல்லா மாட்டிக்கிட்டோம்டின்னு நெனச்சேன்.

என் ரூமுக்கு வந்தா அங்க ஒரு கச்சேரி நடந்துக்கிட்டு இருக்கு. அவரு சம்சாரம் மேரியக்கா மொகத்தத் திருப்பிக்கிட்டு ஒரு நாற்காலில. அண்ணன் கையக் கட்டிக்கிட்டு இன்னொன்னுல. வெளிய கறி சாப்பிடுறாருன்னு சின்ன டாக்டரு அந்தக்கா காதுலயும் போட்டுட்டாரு.

"எந்தக் கடைல தின்னாருன்னு கேளுங்க மேடம். நான் இங்க பாத்துப் பாத்து ஆக்கிப் போடுறேன், இந்த மனுசன் ஊரு மேயுது."

"ஏ, வாய மூடுறியா! மேடம், நான் கறின்னா உசுர விடுற ஆளு. ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சு வர்ற வழில நாலு கறிக்கட, சுக்கா வாடை மூக்கத் தொளைக்கும். உசுரு பொழச்சேன்ல, அதுக்காகச் சாமிக்கிட்ட நேந்துக்கிட்டேன். நாப்பது நாளும் தொடமாட்டேன்னு. அந்த வாடையப் பல்லக் கடிச்சுத் தாண்டி வாரேன். டாக்டரு என்னடான்னா லேபு சீட்டப் பாத்துட்டுப் பொய் சொல்றேங்கிறாரு. என் பிள்ள வயசு மேடம் அந்த டாக்டருக்கு."

அம்புட்டுப் பெரிய ஆளு கண்ணுல தண்ணி. பொய் சொல்றவுகளயும் நான் நெறையப் பாத்திருக்கேன், அவுக அழுகவும் செய்வாக. அதனால கண்ணீர வச்சு நான் ஒன்னும் முடிவு பண்ணல. ஆனா குற்றவாளிய விசாரிக்கிற மாதிரி விசாரிச்சா இனி இவரு வாயத் தெறக்க மாட்டாருன்னு மட்டும் தெரிஞ்சுச்சு.

"அண்ணே, அந்தச் சண்டைய விடுங்க. நீங்க சைவமா என்னன்னு நான் கேக்கல. நேத்து மத்தியானம் தட்டுல என்ன இருந்துச்சு, அத மட்டும் சொல்லுங்க."

அக்காவுக்குத்தான் பொறுக்கல. சமைச்சது அவுகதான, பெரும விடுமா?

"நேத்து வெள்ளிக்கெழம, ஒருசந்தி. ஒரு நேரந்தான் சாப்பாடு. காலைல பச்சத் தண்ணி. மத்தியானம் சோறும் ஊளிமீன் கொழம்பும். முந்தாநாளு சாளை. இந்த நாப்பது நாளும் ராமேஸ்வரத்து மீனா வாங்கி ஆக்கிப் போடுறேன் மேடம். மீன்காரரு ஐஸ் பெட்டியோட வண்டில வருவாப்ல, நல்லதாப் பாத்து எடுப்பேன். மீனு இதயத்துக்கு நல்லதுன்னு நீங்கதான சொன்னீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "மீனா? சுத்தபோசனம்னீங்களாமே?"

ரெண்டு பேரும் சண்டைய மறந்துட்டு என்னய ஒரு மாதிரியாப் பாத்தாக.

"ஆமா, சுத்தபோசனந்தான்"ன்னாரு அண்ணன். "கறி கோழி கூடாது. மீனு திங்கலாம்ல. எங்க பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து அதான சுத்தபோசனம்."

"ரத்தம் குடுத்தீகளே, அதுக்கு மொத நாளு ராத்திரி?"

"மீன் கொழம்புதான். மத்தியானம் வச்சது, சுண்ட வச்சு இட்லிக்கு ஊத்துனேன்"னு அக்கா சொல்லுச்சு.

சிரிப்ப அடக்க முடியாமச் சிரிச்சுட்டேன். அவுக பயந்துட்டாக. கவுச்சி கூடாதுன்னா எங்க வீட்டுல மீன் சட்டியவே பரண்ல ஏத்திருவாக. சின்ன டாக்டரு வீட்டுலயும் அப்படித்தான். சுத்தம்னு காதுல விழுந்ததும் எங்க ரெண்டு பேருக்கும் பருப்பும் தயிரும்தான் கண்ணுல தெரியுது. அவுகளுக்கு அந்த வார்த்தைக்குள்ள மீனு நீந்துது.

கடல் மீனு இருக்கே, அதோட ஒடம்புலயே இந்த டிஎம்ஏஓ உண்டு. உப்புத் தண்ணில வாழ அதுக்கு அது வேணும். கண்மாய்க் கெண்டைல அம்புட்டு இருக்காது. கடல் மீனத் தின்னா, நுண்ணுயிருக ஒன்னும் செய்யாமலே, அந்தச் சாமான் நேரா ரத்தத்துல ஏறும். கிட்னி நல்லா இருந்தா மறுநா வாக்குல எறங்கிரும். தட்டுல இருக்கிற பிரியாணி வீட்டுல ஆக்குனதா, பார்சல் வாங்கியாந்ததான்னு பாத்தவுடனே சொல்ல முடியுமா? இந்த டெஸ்டும் அப்படித்தான். எம்புட்டு இருக்குன்னு சொல்லும், எப்படி வந்துச்சுன்னு சொல்லாது. மீனு திங்கிறவுகளுக்கு இந்த எண்ணு ஏறுனாலும் அவுக இதயம் அதனால மோசமாப் போகலையேங்கிறது, ஆராய்ச்சிக்காரவுகளயே இன்னும் தலையச் சொறிய வச்சுக்கிட்டு இருக்கிற விசயம்.

ஓடுனேன் சின்ன டாக்டருகிட்ட. சொன்னதும் அவருக்குப் புரிஞ்சுருச்சு, கெட்டிக்காரரு. நெத்தில அடிச்சுக்கிட்டாரு. ஆனா உடனே எறங்கி வரல.

"மொதல்ல சைவம்னாரு, இப்ப மீனுங்கிறாரு..."

"அவரு எங்க டாக்டர் சைவம்னாரு? அது நீங்க எழுதிக்கிட்டது."

ரிப்போர்ட்ட ஒருதரம் பொரட்டிப் பாத்தாரு. அப்பறம், "சரி, மூனு நாளு மீனு இல்லாம இருந்துட்டுத் திரும்ப ரத்தம் குடுக்கட்டும். எண்ணு எறங்குனா கடுதாசி தாரேன்"ன்னாரு.

"ரிசல்ட் வர எம்புட்டு நாளாகும்?"

"ஒரு வாரமாகும்."

"திங்கக்கெழம வேல போயிரும் டாக்டர்."

"அதுக்கு? தெரியாமக் கையெழுத்துப் போடச் சொல்றீங்களா?"

எனக்குக் கோவம் வந்துருச்சு. "ஒன்னு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த எண்ணுக்குன்னு நீங்க எதாச்சும் மருந்து வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"வண்டி ஓட்டலாமா கூடாதான்னு அத வச்சுத்தான் முடிவு பண்ணணும்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா?"

"இல்ல."

"அப்ப அந்த டெஸ்டு அவரு இதயத்தப் பாக்கிறதுக்கா, இல்ல அவரு யோக்கியமானவரான்னு பாக்கிறதுக்கா? உங்க பயம் மாத்திரையப் பத்தித்தான. அத லேபுல ஏன் தேடுறீங்க? ஆளு பக்கத்து ரூம்ல இருக்காரு, போய்க் கேளுங்க. போட்டீங்களான்னு கேக்காதீங்க. நேத்துக் காலைல எப்பப் போட்டீங்கன்னு கேளுங்க."

டயட்டீசியன் டாக்டருகிட்ட இப்படிப் பேசலாமான்னு நீங்க நெனைக்கலாம். பேசுறப்ப எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. பயம் இருந்தா இருந்துட்டுப் போகுது, பேசிருங்க.

சின்ன டாக்டரு வந்தாரு. இங்கதான் அவரு நல்ல மனுசன்னு நான் சொன்னதுக்கு அர்த்தம். நின்னுக்கிட்டுக் கேக்கல, ஒரு ஸ்டூல இழுத்து அண்ணனுக்கு எதுக்க உக்காந்தாரு. "அண்ணே, சுத்தபோசனத்துக்கு நான்தான் தப்பா அர்த்தம் எடுத்துக்கிட்டேன். மன்னிச்சுக்கங்க"ன்னாரு. அண்ணனுக்கு என்ன செய்யன்னு தெரியல, எந்திரிக்கப் போனாரு. கையப் பிடிச்சு உக்கார வச்சு, "நேத்துக் காலைல மாத்திரை எப்பப் போட்டீங்க?"ன்னு கேட்டாரு.

"நேத்துப் போடல டாக்டர்."

சின்ன டாக்டரு ஸ்டூல இன்னும் கிட்ட இழுத்தாரு. 

"ஏன் போடல?"

"நேத்து ஒருசந்தில. சாப்பாட்டுக்கு அப்பறம்தான் போடணும், வெறும் வயித்துல போடக்கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க. காலைல சாப்பாடு இல்லைன்னா மாத்திரையும் இல்லைல. புதனும் வெள்ளியும் மட்டும் போடமாட்டேன். மத்த நாளு ஒரு நாளும் விட்டதில்ல."

"அடப்பாவி மனுசா!"ன்னு மேரியக்கா தலைல கைய வச்சுக்கிச்சு. "நோயாளிக்கு ஒருசந்தி கெடையாதுன்னு சாமியாரு கோயில்ல எத்தன தடவ சொன்னாரு! காதுல வாங்குனாத்தான! நான் அடுப்படில நிக்கிறேன், இவரு மாத்திரைய முழுங்கியிருப்பாருன்னுல்ல நெனச்சேன்!"

கேட்டுக்கங்க பிள்ளைகளா. வாரத்துல ரெண்டு நாளு அந்த மனுசன் உசுரோட வெளையாடியிருக்காரு. அதுவும் நம்ம சொன்னத மீறி இல்ல, நம்ம சொன்னத அப்படியே கேட்டு. சின்ன டாக்டரு பயந்தது நெசந்தான். ஆனா அத அவருக்குக் காட்டிக் குடுத்தது அந்த எண்ணு இல்ல. பொய்யன்னு சொல்லியே அனுப்பியிருந்தோம்னா இந்த விசயம் வெளிய வந்திருக்குமா? அடுத்த வெள்ளிக்கெழமையும் அவரு பச்சத் தண்ணி குடிச்சுட்டு, மாத்திரைய அட்டைலயே விட்டுட்டுப் போயிருப்பாரு.

சின்ன டாக்டரு அப்பவே ஒரு ஈசிஜி எடுக்கச் சொன்னாரு. நல்லா இருந்துச்சு. எந்த நாளும் மாத்திரை போடணும், சாப்பாடு இல்லைன்னா ஒரு டம்ளர் கஞ்சியக் குடிச்சுட்டாவது போடணும், இனி ஒருசந்தியே வேணாம்னு பொறுமையா எடுத்துச் சொன்னாரு. அக்கா இனித் தன் கண்ணு முன்னாடிதான் முழுங்கணும்னு தீர்ப்பே சொல்லிருச்சு. அப்பறம் சின்ன டாக்டரு என் மேசைலயே உக்காந்து கடுதாசிய எழுத ஆரம்பிச்சாரு.

"டாக்டர், நான் டயட் ஒழுங்குன்னு எழுதித் தரணும்னீங்களே"ன்னேன்.

"வேணாம் மேடம். பொய் சொல்றவரா இருந்தா இப்ப இத எங்கிட்டச் சொல்லியிருப்பாரா?"ன்னு சொல்லிட்டுக் கையெழுத்தப் போட்டாரு.

படிப்புக்காக ரெண்டாவது டெஸ்ட மட்டும் எடுத்துக்கிறேன், மூனு நாளு மீனு வேணாம்னு கெஞ்சிக் கேட்டாரு. அண்ணனுக்கு அதுதான் பெரிய சோதனையாப் போச்சு. "கறியும் இல்ல, மீனும் இல்லைன்னா நான் என்னத்தத்தான் திங்க?"ன்னாரு. "கத்திரிக்கா இருக்கு, வாய மூடிட்டுத் தின்னு"ன்னு அக்கா இழுத்துக்கிட்டுப் போயிருச்சு.

அந்த வாரம் முழுக்க நான் சரியாத் தூங்கல, அதையும் சொல்லிர்றேன். அண்ணன் திங்கக்கெழம வேன எடுத்துட்டாரு. ரோட்டுல மஞ்ச வேனப் பாத்தாலே எனக்குப் பக்குன்னு இருக்கும். நம்புறதுன்னா சும்மா இல்ல, நம்புனதுக்கு அப்பறமும் அடிவயித்துல ஒரு பயம் கெடக்கத்தான் செய்யும்.

ரிசல்ட் வந்த அன்னிக்குச் சின்ன டாக்டரு என் ரூமுக்கே ஓடியாந்தாரு. எண்ணு தரையத் தொட்டிருந்துச்சு. சின்னப் பிள்ள மாதிரி சந்தோசம் அவருக்கு. அங்கயே நின்னு அண்ணனுக்குப் போனப் போட்டு, ஸ்பீக்கர்ல வச்சாரு.

"அண்ணே, நல்ல சேதி! ரிசல்ட் வந்துருச்சு. நீங்க சொன்னது அம்புட்டும் உண்மை!"

அந்தப் பக்கம் ஒரே பிள்ளைக சத்தம். அதுக்கு நடுவுல அண்ணன் குரல் வந்துச்சு.

"அது எனக்கு அன்னிக்கே தெரியுமே டாக்டர். வேன நிப்பாட்டியிருக்கேன், பிள்ளைக ஏறுதுக, வைக்கட்டுமா?"